பாட் ஸ்பில்லேன்: எட்டுப் பதக்கம், முப்பது வருட டிவி, தீராத சண்டை

கேள்வி இதுதான்: "அயர்லாந்தில் பாட் ஸ்பில்லேன் பெயரைச் சொன்னால் ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் கோபப்படுகிறார். இவர் நிஜமாகவே பெரிய கேலிக் கால்பந்து ஆட்டக்காரரா, இல்லை டிவியில் வாய்க்கு வந்ததைப் பேசிப் பிரபலமானவரா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஸ்பில்லேன் கெர்ரி கவுண்டி அணிக்காக ஆடி எட்டு முறை ஆல்-அயர்லாந்து பட்டம், அதாவது கவுண்டிகளுக்குள் வருடா வருடம் நடக்கும் போட்டியின் பட்டம், வென்றவர். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. வருடத்தின் சிறந்த அணியில் இடம் பிடித்தவர்களுக்குத் தரும் ஆல்-ஸ்டார் விருது ஒன்பது முறை வாங்கியிருக்கிறார். கால்பந்தில் அத்தனை முறை வாங்கிய இன்னொருவர் கிடையாது. 1978, 1986 இரண்டு வருடமும் அவர்தான் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். பட்டியலை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிக்கல் இரண்டாவது பாதியில். அவர் டிவியில் பேசியதைப் புரிந்துகொள்ள, ஆட்டம் எப்படிப்பட்டது, யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் நான்கு காலடிக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும், அல்லது பாதத்தில் போட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும். எறியக் கூடாது, காலால் உதைக்கலாம், கையால் அடித்துக் கொடுக்கலாம். கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ஸ்கோரை 2-15 என்று எழுதுவார்கள்: இரண்டு கோல், பதினைந்து புள்ளி, மொத்தம் இருபத்தொன்று. (2025 முதல் தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. அதைப் பிறகு சொல்கிறேன்.)

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம், யாருக்கும் சம்பளம் கிடையாது. 1884இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் இன்றுவரை அதை அமெச்சூர் ஆட்டமாகவே வைத்திருக்கிறது. டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேருக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பார், பால் மாடு பார்ப்பார், போலீஸ் ஸ்டேஷனில் டியூட்டி பார்ப்பார். வேறு கவுண்டி அதிகப் பணம் தருகிறது என்று அங்கே போகவும் முடியாது. பெரும்பாலும் எந்தத் திருச்சபைப் பங்கில் பிறந்து வளர்ந்தாரோ அந்த கிளப், அந்த கவுண்டிதான். கிரிக்கெட்டில் ஒரு பழைய ஆட்டக்காரர் கமென்ட்ரி பெட்டியில் உட்கார்ந்து இன்றைய ஆட்டக்காரரைத் திட்டினால், திட்டு வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் கோடிக்கணக்கில் வாங்குகிறார் என்று நாம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இங்கே திட்டு வாங்குபவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை, பைசா வாங்காமல் ஆடுபவர். அவருடைய அம்மா அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்பில்லேன் பேச்சு ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

சரி, ஆளைப் பார்ப்போம். 1955 டிசம்பரில் பிறந்தவர். ஊர் டெம்பிள்நோ, கெர்ரியின் தெற்கே கென்மேர் வளைகுடா ஓரத்தில் ஒரு சின்ன இடம். அம்மா வழியில் லைன் குடும்பம். தாய்மாமன்கள் கெர்ரிக்கு ஆடியவர்கள். அப்பா டாம் ஸ்பில்லேன் 1964இல் கெர்ரி அணியின் தேர்வாளர்களில் ஒருவர். அந்த வருட இறுதி ஆட்டத்தில் கெர்ரி கால்வேயிடம் தோற்றது. டப்ளின் போவதற்கு முன்பே அப்பாவுக்கு நெஞ்சு வலி இருந்திருக்கிறது, பொருட்படுத்தாமல் போனார். ஆட்டம் முடிந்த சில நாள்களில் இறந்துவிட்டார். பாட் ஸ்பில்லேனுக்கு அப்போது எட்டு வயது. பாட், டாம், மிக் என்று மூன்று பையன்களும் பின்னால் கெர்ரிக்கு ஆடினார்கள். பாட் எட்டு, மிக் ஏழு, டாம் நான்கு என்று ஒரே வீட்டில் பத்தொன்பது ஆல்-அயர்லாந்து பதக்கங்கள். அப்பா ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1975இல் மிக் ஓ'ட்வையர் என்ற பயிற்சியாளர் கெர்ரியைக் கையில் எடுத்தார். பெரும்பாலும் சின்னப் பையன்கள். அவர்களை ஓட விட்டார், ஓட விட்டார், ஓடிக்கொண்டே இருக்க விட்டார். அதற்கு முந்தைய வருடம் டப்ளின் பட்டம் வென்றிருந்தது. உடல் வலுவிலும் திட்டமிடலிலும் அவர்கள்தான் அப்போது முன்னோடி. 1975 இறுதி ஆட்டத்தில் கெர்ரியின் கேப்டன் மிக்கி நெட் ஓ'சல்லிவன் பந்தோடு ஓடும்போது மோதி நினைவிழந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஆட்டத்தை கெர்ரி 2-12, 0-11 என்று ஜெயித்தது. கோப்பையை வாங்கக் கேப்டன் இல்லை. மேடையேறி சாம் மகுவையர் கோப்பையை வாங்கியவர் பத்தொன்பது வயது பாட் ஸ்பில்லேன். அந்த வயதில் நாட்டின் பெரிய கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஒருவர் பின்னாளில் தன் கருத்தைச் சொல்லத் தயங்குவார் என்று எதிர்பார்ப்பதே தப்பு.

1978 முதல் 1981 வரை கெர்ரி தொடர்ச்சியாக நான்கு வருடம் ஜெயித்தது. 1978 இறுதியில் டப்ளினை 5-11, 0-9 என்று நசுக்கியது. கோலை விட்டு வெளியே வந்து நடுவரோடு வாதாடிக்கொண்டிருந்த டப்ளின் கோல்கீப்பர் தலைக்கு மேல் மைக்கி ஷீஹி பந்தைத் தூக்கிப் போட்ட கோல் இதில்தான் வந்தது. அயர்லாந்தில் இன்றும் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். ஓவன் லிஸ்டன் மூன்று கோல் அடித்ததும் இதே ஆட்டம்தான். ஆனால் அந்த வருடம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஷீஹிக்கும் போகவில்லை, லிஸ்டனுக்கும் போகவில்லை, ஸ்பில்லேனுக்குப் போனது.

ஏன் என்று பார்த்தால் அவர் ஆட்டத்தின் சூட்சுமம் தெரியும். பெயருக்கு அவர் முன்வரிசையில் ஓரத்து ஆட்டக்காரர். அந்த இடத்தில் ஆடுபவர் எதிரணிப் பக்கம் நின்று பந்துக்குக் காத்திருப்பதுதான் அந்தக் கால வழக்கம். ஸ்பில்லேன் காத்திருக்க மாட்டார். தன் சொந்த தற்காப்பு வரை இறங்கி வருவார், அங்கே பந்தை வாங்குவார், கையால் தட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் ஓடி அதே பந்தை எதிரணியின் கம்பத்துக்குப் பக்கத்தில் வாங்குவார். அவரைக் காவல் காக்க நிறுத்தியவருக்கு இரண்டே வழி. கூடவே ஓடி மூச்சு வாங்க வேண்டும், இல்லையென்றால் தன் இடத்தில் நின்று அவரை விட்டுவிட வேண்டும். உடம்பு வாகு ஒன்றும் பிரமாதம் இல்லை, உதைப்பதில் ஷீஹி அளவுக்கு நளினமும் இல்லை. ஓட்டமும் பிடிவாதமும்தான் அவருடைய சரக்கு.

1981இல் முழங்கால் போனது. நாம் இன்று ஏசிஎல் என்று சொல்லும் தசைநார். அந்தக் காலத்தில் அது கிழிந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய், துளை வழி முழங்கால் அறுவையில் முன்னோடியான டேவிட் டாண்டியிடம் அறுவை செய்துகொண்டார். பிறகு ஊருக்குத் திரும்பித் தனியாகப் பயிற்சி. இதற்கிடையே 1982 இறுதியில், தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு ஆடிய கெர்ரி, கடைசி நிமிடங்களில் ஆஃபலியின் ஷேமஸ் டார்பி அடித்த கோலால் ஒரே புள்ளியில் தோற்றது. எல்லாம் முடிந்தது என்று எழுதினார்கள். கெர்ரி 1984, 1985, 1986 மூன்றும் ஜெயித்தது, ஸ்பில்லேனுக்கு மூன்று வருடமும் ஆல்-ஸ்டார். முழங்கால் கிழிந்த பிறகு வந்தவை இவை. என்னைக் கேட்டால், அவருடைய எட்டில் கனம் அதிகமானவை இந்த மூன்றும்தான்.

1986 இறுதியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எதிரணி டைரோன், வட அயர்லாந்து கவுண்டி. அவர்களுக்கு அதுதான் முதல் ஆல்-அயர்லாந்து இறுதி. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒரு கோல் அடித்தார்கள், பிறகு ஒரு பெனால்ட்டி. அதை கெவின் மக்கேப் வலைக்குள் அடிக்க முயன்றார், பந்து கம்பிக்கு மேலே போனது. மூன்றுக்குப் பதில் ஒன்று. இருந்தாலும் டைரோன் ஏழு புள்ளி முன்னிலை. கெர்ரி ஆட்டக்காரர்களில் பலர் முப்பதைத் தாண்டியவர்கள், பழைய கால்கள். அந்த நேரத்தில் ஸ்பில்லேன் கோலுக்கு முன்னால் காற்றில் பாய்ந்து முஷ்டியால் பந்தை வலைக்குள் தட்டினார். அங்கிருந்து ஆட்டம் மாறியது. கெர்ரி 2-15, டைரோன் 1-10. டைரோன் மக்களின் நெஞ்சில் அந்தப் பாய்ச்சல் ரொம்ப நாள் இருந்தது.

அவர் 1991 வரை ஆடினார். கடைசி வருடங்களில் கார்க் மேலே வந்துவிட்டது, கெர்ரி கீழே இறங்கிவிட்டது. 1991 அரையிறுதியில் டவுன் அணியிடம் தோற்றதோடு விடைபெற்றார். அடுத்த வருடமே அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇயின் 'த சண்டே கேம்' நிகழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டார். 1979 முதல் ஓடும் நிகழ்ச்சி. கோடைக்கால ஞாயிறுகளில் கேலிக் ஆட்டத்தைப் பார்க்கும் எல்லா வீட்டிலும், எல்லா பப்பிலும் அதுதான் ஓடும். தொழிலில் ஆசிரியர், டெம்பிள்நோவில் குடும்ப பப் வேறு. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுவதும், பப்பில் நின்று வாதாடுவதும் டிவிக்கு நல்ல பயிற்சி என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் சாமானியர்கள் இல்லை. மீத் அணிக்கு 1975 முதல் 1995 வரை இருபது வருடம் ஆடிய கோலம் ஓ'ரூர்க், நிதானமாக ஒரே வாக்கியத்தில் ஆளைக் காலி செய்வார். பின்னால் வந்த ஜோ ப்ரோலி, 1993இல் டெர்ரி அணியோடு பட்டம் வென்ற வழக்கறிஞர். கோர்ட்டில் வாதாடுவது போலவே ஸ்டுடியோவிலும் வாதாடுவார். நடுவில் மைக்கேல் லிஸ்டர், 1984 முதல் 2018 வரை நிகழ்ச்சியை நடத்தியவர், இந்த மூவரையும் சமாளிப்பதே அவர் வேலை. ஓ'ரூர்க் யோசிப்பார், ப்ரோலி வாதாடுவார், ஸ்பில்லேன் வெடிப்பார். பேச்சு வேகம் கூடக் கூடக் குரல் ஏறும், கை இரண்டும் மேலே போகும். புள்ளிவிவரத்தை வைத்துப் பேசும் இன்றைய விமர்சகர்களுக்கு அவர் பாணி ஒத்துவராது. 2005 முதல் 2008 வரை இரவு நேரத் தொகுப்பு நிகழ்ச்சியை நடத்தும் வேலையையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்துபவர் மற்றவர்களைப் பேசவிட வேண்டும். அது அவருக்குப் பொருந்தாத வேலை என்பது என் கருத்து.

வடக்கத்தி கவுண்டிகளோடு உரசல் 2002லேயே தெரிந்தது. அந்த வருட இறுதியில் இடைவேளையின்போது கெர்ரி நான்கு புள்ளி முன்னிலை. ஸ்பில்லேன் ஆர்மா அணியைக் கிட்டத்தட்டக் கழித்துக் கட்டிவிட்டார். ஆர்மா ஒரு புள்ளியில் ஜெயித்துத் தங்கள் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனது. அடுத்த வருடம் பெரிய வெடி.

2003 அரையிறுதி, கெர்ரிக்கும் டைரோனுக்கும். மிக்கி ஹார்ட் பயிற்றுவித்த டைரோன், பந்து கையில் இருக்கும் கெர்ரிக்காரர் ஒவ்வொருவரையும் கூட்டமாகச் சூழ்ந்தது. முதல் பாதியில் ஒரு காட்சி: கெர்ரி ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு திரும்புகிறார், அரை டஜனுக்கும் மேல் வெள்ளைச் சட்டைகள் மொய்க்கின்றன, பந்து இன்னொரு கெர்ரிக்காரரிடம் போனால் கூட்டமும் அங்கே போகிறது. டைரோன் 0-13, கெர்ரி 0-6. எழுபது நிமிடத்தில் கெர்ரி ஆறே புள்ளி! ஸ்பில்லேன் அதை ஸ்டுடியோவில் 'ப்யூக் ஃபுட்பால்' என்றார். பார்த்தால் வாந்தி வரும் ஆட்டம் என்று அர்த்தம். அந்த வருடம் டைரோன் ஆர்மாவைத் தோற்கடித்துத் தங்கள் முதல் பட்டத்தை வென்றது. 2005, 2008 இறுதிகளில் கெர்ரியையே மறுபடி வீழ்த்தியது. அவர் சொன்ன இரண்டு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு தற்காப்பாக ஆடும் எந்த அணியைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் அதை எடுப்பார்.

டைரோன்காரர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. 1986இல் நம் கனவைக் கலைத்தவரே 2003இல் நாம் ஜெயிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறார் என்று அவர்கள் நினைத்தால் என்ன தப்பு? பட்டம் வாங்கியே பழகிய கவுண்டியின் பிள்ளை, பட்டமே பார்க்காதவர்களுக்கு எப்படி ஜெயிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். வேலை முடிந்து, குளிரில், இரவில் பயிற்சி செய்து, பைசா வாங்காமல் ஆடும் பையன்களைப் பற்றித்தான் அந்தச் சொல்.

இன்னொரு விஷயத்தை அவருடைய எதிரிகளும் அதிகம் சொல்வதில்லை. எழுபதுகளின் கெர்ரியும் டப்ளினும் ஆடிய ஆட்டத்தையே அன்றைய பெரியவர்கள் பலர் வெறுத்தார்கள். உதைத்துப் பிடித்து ஆட வேண்டிய ஆட்டத்தைக் கையால் தட்டித் தட்டிக் கெடுக்கிறார்கள் என்று புலம்பினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கையால் தட்டி கோல் அடிப்பதைக் கட்டுப்படுத்த விதியையே மாற்றினார்கள். முன்வரிசை ஆட்டக்காரர் தன் தற்காப்பு வரை இறங்கி வந்து பந்துக்காக உழைப்பதை அழகாகச் செய்து காட்டியதும் ஸ்பில்லேனேதான். டைரோன் அந்த உழைப்பைப் பதினைந்து பேருக்கும் கட்டாயமாக்கியது. அவர் 2003இல் பார்த்துச் சகிக்காதது, அவர் கால்களே திறந்துவிட்ட பாதையின் மறுமுனையை. அவருக்கு அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதற்காக அவர் சொன்னது முழுக்க அபத்தம் என்றும் ஆகிவிடாது. அடுத்த இருபது வருடத்தில் ஆட்டம் நிஜமாகவே அடைத்துக்கொண்டது. ஒரு அணி பதினான்கு பேரைத் தன் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தும், எதிரணி நாற்பது மீட்டருக்கு வெளியே பந்தைப் பக்கவாட்டில் கொடுத்துக்கொண்டே இருக்கும், கூட்டம் கொட்டாவி விடும். கடைசியில் சங்கமே முன்னாள் டப்ளின் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2025 முதல் புது விதிகள்: ஒவ்வொரு அணியும் மூன்று பேரையாவது எதிரணியின் பாதியில் வைத்திருக்க வேண்டும், நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேல் அடித்தால் இரண்டு புள்ளி. ஸ்பில்லேன் பிரச்சினையைச் சீக்கிரமே பார்த்தார், மரியாதை இல்லாத வார்த்தையில் சொன்னார், அதிலும் தன் கவுண்டி தோற்ற அன்றைக்கே சொன்னார். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

அவர் எந்த கவுண்டியின் சீனியர் அணியையும் பயிற்றுவித்ததில்லை என்பதை எதிரிகள் அடிக்கடி குத்திக்காட்டுவார்கள். ஓ'ரூர்க் அந்தச் சோதனைக்குத் துணிந்தார். 2022இல் மீத் அணியைக் கையில் எடுத்தார், இரண்டு சீசனில் விலகினார். ஸ்பில்லேன் வேறு பக்கம் போனார். கிராமப்புறப் பொருளாதாரம் பற்றி அரசு 2012இல் அமைத்த ஆணையத்துக்குத் தலைவராக இருந்தார், 2014இல் அறிக்கை வந்தது. இது ஒதுக்கித் தள்ளும் விஷயம் இல்லை. டெம்பிள்நோ மாதிரி ஊரில் பிள்ளைகள் வேலை தேடி வெளியே போய்விட்டால் முதலில் அடிபடுவது கால்பந்து கிளப்தான், பதினைந்து பேரைச் சேர்க்கவே ஆள் இருக்காது. இதைப் பற்றிப் பேசும்போது அவரிடம் விளையாட்டுத்தனம் இருக்காது.

டிவியிலிருந்து விடைபெற்றது 2022 ஜூலை 24 அன்று. முப்பது வருடம். இறுதி ஆட்டம் கெர்ரிக்கும் கால்வேக்கும். கெர்ரி 0-20, 0-16 என்று ஜெயித்தது. கெர்ரி அணியில் அவர் தம்பி டாமின் மகன்கள் கில்லியனும் ஏட்ரியனும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்து ஸ்டுடியோவில் பேச ஆரம்பித்தவர், 1964ஐ இழுத்தார்: இதே கால்வே, தேர்வாளராக இருந்த அப்பா, அந்த நெஞ்சு வலி, பிள்ளைகள் வாங்கிய பத்தொன்பது பதக்கங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்காதது. குரல் உடைந்து நேரலையிலேயே அழுதுவிட்டார். முப்பது வருடமாக அவரைத் திட்டியவர்களும் அன்று திட்டவில்லை. கெர்ரி தோற்றால் ஏன் அந்த மனிதர் அப்படி வெடித்தார் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் வேறு யாரும் கொடுத்ததில்லை.

ஆக, 'பெரிய ஆட்டக்காரரா, வாய்வீச்சா' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் பதில் வராது. நீங்களே தீர்மானிக்க நினைத்தால் இரண்டு ஆட்டங்களை யூட்யூபில் தேடிப் பாருங்கள்: 1986 இறுதியின் இரண்டாம் பாதி, அப்புறம் 2003 அரையிறுதியின் முதல் பாதி. அதே வரிசையில் பாருங்கள். முதலாவதில் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாதபோது ஸ்பில்லேன் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவதில் டைரோனின் முன்வரிசைக்காரர்களை அதே மாதிரி கவனியுங்கள்.